கறுப்புக் கம்பளியின் கணக்கு

இந்தியாவில் செம்மறி ஆடு பெருகுகிறது; ஆட்டு ரோமம் குறைகிறது. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 6.5 கோடியாக இருந்த செம்மறிகள் 2019இல் 7.4 கோடியைத் தாண்டிவிட்டன. ரோம உற்பத்தியோ 2014-15இல் இருந்த 4.8 கோடி கிலோவிலிருந்து 2022-23இல் சுமார் 3.4 கோடி கிலோவுக்குச் சரிந்திருக்கிறது. ரோம ஆட்டின் இடத்தைக் கறி ஆடு பிடித்துக்கொண்டதே இதற்கு முக்கியக் காரணம். தக்காணத்தில் இது கண்கூடாகத் தெரியும். தெலங்கானா அரசு 2017இல் தொடங்கிய திட்டத்தில் யாதவர், குருமர் குடும்பங்களுக்கு 75 விழுக்காடு மானியத்தில் 20 பெட்டை ஆடும் ஒரு கிடாவும் தரப்பட்டன. கொங்கடி என்று அங்கே வழங்கும் கறுப்புக் கம்பளியைத் தக்காணி ஆட்டின் ரோமத்தால் நெய்வது குருமர்களின் குலத்தொழில். அவர்கள் கைக்கு வந்ததோ இறைச்சியைக் குறிவைத்த ஆடு. தக்காணி ஆட்டின் ரோமம் தரமற்றது, அதனால்தான் அது தோற்றது என்பார்கள் துறைசார்ந்தவர்கள். கைநூற்பின் அருமை தெரியாத சந்தை அதைக் கொன்றுவிட்டது என்பார்கள் கைத்தொழில் ஆர்வலர்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை உண்டு. இரண்டிலுமே விடுபட்டுப்போவது, ராட்டையின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கூலி.

முதலில் தரம் பற்றிய பேச்சு. கம்பளிச் சந்தை ரோமத்தை முதன்மையாக இழையின் தடிமனை வைத்து, மைக்ரானில் அளக்கிறது. மெரினோ என்னும் வெளிநாட்டு ஆட்டின் இழை 24 மைக்ரானுக்குள் நிற்கும். தக்காணி இழை 40 மைக்ரானுக்கு மேல். மெரினோ ஆண்டுக்கு நான்கைந்து கிலோ ரோமம் தரும். தக்காணியை ஆண்டுக்கு இருமுறை கத்தரித்தாலும் ஒவ்வொரு முறையும் அரைக் கிலோவைச் சுற்றித்தான் கிடைக்கும். போதாக்குறைக்கு நிறம் கறுப்பு, சாயம் ஏறாது; பல இழைகளின் உள்ளே வெற்றிடம் இருப்பதால் அவை முறுமுறுவென்று ஒடியும். கழுத்தில் சுற்றும் சால்வைக்கு இது ஆகாது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கொங்கடி சால்வை இல்லை. மேய்ப்பவர் மழையில் போர்த்துவதும், தரையில் விரிப்பதும், நான்காய் மடித்துத் தலையில் கூம்பாகப் போட்டுக்கொள்வதும் அதுதான். பாவுக்குப் புளியங்கொட்டைப் பசையை ஏற்றி நெய்வார்கள். துணி விறைத்து நிற்கும், தூறல் சட்டென்று உள்ளே இறங்காது. இந்த வேலைக்கு மெல்லிய மெரினோ நாளாவட்டத்தில் நைந்துபோகும். சாயம் ஏறாத கறுப்பு, சாயமே தேவைப்படாத கறுப்பாகவும் இருக்கிறது. ஆலை எந்திரத்தில் பிடிமானமில்லாமல் உதிரும் குட்டை இழையைக் கை சமாளித்துக்கொள்கிறது: தடித்த இடம் வந்தால் விரல் இழுத்து மெலிதாக்கும், மெலிந்த இடம் வந்தால் கூடுதலாக முறுக்கும். பாவு நூலுக்கு இறுக்கமும் ஊடை நூலுக்குத் தளர்ச்சியும் ஒரே ராட்டையில் அமையும். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குறும்பை ஆட்டின் ரோமமும் இந்த வகைதான். தரம் என்பதை ஆடு, நிலம், பயன் மூன்றும் பொருந்துவதாக எடுத்துக்கொண்டால், இவை மட்டமானவை என்ற தீர்ப்பு நிற்காது.

பொருத்தம் பார்க்காமல் மைக்ரானை மட்டும் துரத்தியதன் பலனும் நமக்குத் தெரியும். 1962இல் ராஜஸ்தானின் அவிகாநகரில் தொடங்கப்பட்ட மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையம், உள்நாட்டு ஆடுகளோடு ராம்புயே, மெரினோ ஆகிய வெளிநாட்டு இனக் கிடாக்களைக் கலந்து பாரத் மெரினோவை உருவாக்கியது. அது கொடைக்கானல் மலையின் மன்னவனூர்ப் பண்ணையில் இன்றும் வளர்கிறது. உதகையை அடுத்த சாண்டிநல்லாவில் நீலகிரி ஆடு காப்பாற்றப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆடும் மெரினோ முதலிய வெளிநாட்டு இனங்களும் கலந்து பிறந்த இனம் அது. குளிர் மலையில் மென் ரோமம் வரும் என்பதற்கு இரண்டுமே சான்று. ஆனால் அரசுப் பண்ணை வேலியைத் தாண்டி அவை பெரிதாகப் பரவவில்லை. ஆலைகள் டன் கணக்கில், ஒரே சீரான ரோமம் கேட்கின்றன. மலை விவசாயியிடம் இருப்பது சில மூட்டைகள். இத்தனைக்கும் சில மூட்டைகளை வைத்துக்கொண்டு விலையுள்ள பொருள் செய்யக்கூடியது கைநூற்பு ஒன்றுதான். இனப்பெருக்க ஆராய்ச்சிக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட ராட்டைக்குக் கிடைக்கவில்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். கறிதான் காசு, அரைக் கிலோ ரோமத்துக்காக யார் ஆடு வளர்ப்பார்கள்? நியாயமான கேள்வி. கத்தரிக்கும் கூலிக்கே ரோமம் ஈடாகவில்லை என்ற புலம்பல், கம்பளியால் செழித்த பிரிட்டனிலேயே கேட்கிறது. 2020இல் விலை விழுந்தபோது அங்கே சிலர் ரோமத்தை எரித்தார்கள், உரக்குழியில் போட்டார்கள். ரோமத்துக்காக மட்டும் ஆடு வளர்க்கச் சொல்வது தக்காணத்து மேய்ப்பருக்குச் செய்யும் துரோகம். ஆனால் தக்காணி ஆடு ஒருபோதும் ரோமத்துக்காக மட்டும் வளர்க்கப்பட்டதில்லை. வறண்ட காட்டில் நெடுந்தூரம் நடக்கும், அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டால் எருவாகும், கடைசியில் கறியும் ஆகும். ரோமம் இவற்றோடு வந்த ஒரு வரவு. அதோடு, சந்தை தானாக எடுத்த முடிவு மட்டுமா இது? எந்த ஆடு மந்தைக்குள் வர வேண்டும் என்பதை மானியமும் சேர்ந்தே தீர்மானித்தது. அரசுப் பணம் கறிப்பக்கம் சாய்ந்தபின் சந்தையை மட்டும் சாட்சிக்கு அழைப்பது சரியில்லை.

இனி ஆர்வலர்கள் தொடத் தயங்கும் இடம். ஒரு தறிக்கு நூல் தரப் பல ராட்டைகள் ஓட வேண்டும். கம்பளித் தொழிலில் சிக்கெடுப்பதும் நூற்பதும் பெரும்பாலும் பெண்கள் வேலை, அதுவும் வீட்டு வேலைக்கு நடுவில். விலை பேசப்படுவது நெய்து முடித்த கம்பளிக்கு. நூலுக்குத் தனி விலை இல்லாத வீட்டில் அந்த உழைப்பு கணக்கிலேயே ஏறாது. கைநூற்புக் கம்பளி ஒரு காலத்தில் மலிவாக இருந்ததன் ரகசியம் இதுதான். இன்று பானிப்பட்டில் பழந்துணியைக் கிழித்துச் செய்யும் போர்வை அதைவிட மலிவு என்பதால், கூலியே இல்லாத உழைப்பாலும் போட்டி போட முடிவதில்லை. மேலைநாட்டுக் கைநூற்பு மறுமலர்ச்சியை உதாரணம் காட்டுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அங்கே நூற்பவர் பொழுதுபோக்குக்காகப் பணம் கொடுத்து நல்ல ரோமம் வாங்குகிறவர். தன் நேரத்துக்கு விலை கேட்காதவர். அந்தக் கணக்கு ஷெட்லாந்துக்குப் பொருந்தலாம், தெலங்கானாவின் மகபூப்நகருக்குப் பொருந்தாது.

ஆகவே நூலைத் தனிப் பொருளாக்கி, சிட்டத்துக்கு இவ்வளவு என்று நூற்பவர் கையில் கூலி கொடுப்பதே முதல் வேலை. கத்தரிக்கும்போதே முதுகு ரோமத்தையும் வயிற்று ரோமத்தையும் பிரித்து வைத்தால் நூற்பு நேரம் குறையும். சிக்கெடுக்க எந்திரம் வரட்டும், ராட்டையில் சின்ன மோட்டாரும் பொருத்தப்படட்டும். கைநூற்பின் தூய்மை கெட்டுவிடும் என்பவர்களுக்கு ஒரு பதில்தான்: குட்டை இழையைச் சமாளிப்பது விரலின் திறமை, தோள்வலி அதற்குத் தேவையில்லை. இப்படிச் செய்த கம்பளி விலை ஏறும், எல்லா மேய்ப்பராலும் வாங்க முடியாது என்பதும் உண்மை. அந்த இழப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் மலிவு விலையின் சுமையைப் பெண்களின் தலையில் கட்டுவதைவிட அது மேல். இவை எல்லாவற்றுக்கும் கறுப்பு ரோமக் கிடா மந்தையில் மிஞ்ச வேண்டும். ரோமமில்லாத நெல்லூர்க் கிடாவோடு சில தலைமுறை கலந்தபின் நூற்கத் தகுந்த ரோமமே ஆட்டில் இருக்காது. அடுத்த முறை மானிய ஆடு கொடுக்கும்போது, எந்த இனம் வேண்டும் என்று குருமர் வீட்டில், அங்கே நூற்கும் பெண்ணையும் சேர்த்து, கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்.