அந்த விதிக்கு எண் உண்டு

பாலு மகேந்திராவின் 'வீடு' திரைக்கு வந்தது 1988-ல். சிறந்த தமிழ்ப்படம் என்னும் தேசிய விருது அதற்குக் கிடைத்தது. சுதாவாக நடித்த அர்ச்சனா சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். தாத்தாவாக வந்த சொக்கலிங்க பாகவதரைப் பாராட்டாத விமரிசகர் இல்லை எனலாம். பாராட்டு பொருத்தமானதே! பாட்டில்லை, கூத்தில்லை, பகட்டில்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட நடுத்தரக் குடும்பம் ஒன்று, தனக்கிருந்த இரண்டு மனைகளில் ஒன்றை விற்று, மற்றொன்றில் கூரை எழுப்பப் படும் பாடுதான் கதை. இடம், வளசரவாக்கம். படத்தை விடப் படத்தின் மீது நமக்கொரு குறை இல்லை. படத்தைப் புகழ்ந்தோர் மீதுதான் குறை உண்டு.

கண்ணீர் முழுவதையும் தாத்தாவின் சாவுக்கே செலவழித்துவிட்ட அவர்கள், அதற்குப் பின் வருவதை 'விதியின் விளையாட்டு' என்று கூறிக் கடந்துபோகிறார்கள். அதற்குப் பின் வருவது என்ன? சிமெண்டைத் திருடிய ஒப்பந்தக்காரனை விரட்டியாயிற்று. கடனுக்கு மேல் கடன் பட்டாயிற்று. சுவர் எழுந்துவிட்டது. அந்த நேரத்தில் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து நின்று, இந்த இடம் வாரியத்தால் முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது என்கிறார். ஒப்புதல் பெற்றல்லவா கட்டினோம் என்று திகைக்கிறாள் சுதா. ஒப்புதல் தந்தது ஓர் அலுவலகம். இடத்தை எடுத்தது வேறோர் அலுவலகம்! நீதிமன்ற வாயிலில் அவள் காத்திருக்கப் படம் முடிகிறது.

விதியாம்! எந்த விதி? தமிழில் அச்சொல்லுக்குப் பொருள் இரண்டு. தலையில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் விதி ஒன்று. சட்டப் புத்தகத்தில் அச்சிடப்பட்ட விதி மற்றொன்று. முன்னதை எழுதியவனைக் கண்டவர் எவருமிலர், கேட்டவரும் இலர். பின்னதற்கோ எண் உண்டு, ஆண்டு உண்டு, கோப்பு உண்டு, கையொப்பமிட்ட அதிகாரி உண்டு, மறுப்புரைக்க நாள் கணக்கும் உண்டு. சுதாவின் வாயிற்படியில் வந்து நின்றது பின்னது. அதை முன்னதாக எண்ணி அழுதுவிட்டு வீடு திரும்பும் இரசிகர், படத்தின் ஆணிவேரைப் பிடுங்கி எறிகிறார் என்பதே நம் குற்றச்சாட்டு.

இது திரைப்பட இரசனையோடு முடிகிற செய்தி என்றால் இத்தனை பக்கம் இதற்குத் தேவையில்லை. ஆவடியை அடுத்த கோவில்பதாகையை நினைத்துப் பாருங்கள். ஏரியும் படைத்துறைத் தொழிற்சாலைகளும் சூழ்ந்த வட்டாரம். தவணையில் மனை, அடகில் நகை, வைப்பு நிதியில் சுவர், வளைகுடாவுக்குப் போன மகன் அனுப்பிய பணத்தில் மாடி என்று, ஒரு தலைமுறையின் உழைப்பே செங்கல்லாக நிற்கும் புறநகர். இந்த வட்டாரத்தில் நிலம் எடுப்பது புதிதுமன்று. 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. அந்த ஆண்டுகளிலேயே ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. பின்னர், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை ஏறத்தாழ 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை, பட்டாபிராம் பக்கமாக ஆவடியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை மெட்ரோ இரயிலை நீட்டுவதற்கான திட்ட அறிக்கை 2025-ல் அரசிடம் தரப்பட்டது. வளர்ச்சி வருகிறது. வரட்டும்! ஆனால் நோட்டீசைக் கையில் வாங்கிய வீட்டுக்காரர், "என் தலைவிதி" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறாரே, அந்த இடத்தில்தான் பகுத்தறிவாளருக்கு வேலை இருக்கிறது.

சுதாவுக்கு நேர்ந்த விபத்து எப்படி நேரக்கூடும் என்று பார்ப்போம். 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், வெள்ளையன் வகுத்தது. அவன் போன பின்னும் 66 ஆண்டுகள் நம்மை ஆண்டது. அதன் நான்காம் பிரிவின்படி அரசிதழில் அறிவிக்கை வரும். பிற்காலத்தில் இரண்டு நாளிதழ்களிலும் வரவேண்டும் என்றாயிற்று. ஊரில் பொது இடத்தில் ஒட்டப்படும். அரசிதழை அன்றாடம் படிக்கும் குடிமகன் எந்த ஊரில் இருக்கிறான்? மனை வாங்குபவன் பார்ப்பது வில்லங்கச் சான்று. அதில் பதிவான பத்திரங்கள்தாம் தெரியும். பதிவு அலுவலகத்துக்கு வராத அறிவிக்கை அதில் தெரியாது. ஆக, சான்று சுத்தம், பத்திரம் சுத்தம், கட்டட ஒப்புதல் சுத்தம், நிலம் மட்டும் அவனுடையதன்று! சென்னையின் மேற்குப் புறநகர்களில் வீட்டுவசதி வாரியத்துக்காக அறிவிக்கப்பட்டு, எடுக்கவும் படாமல் விடுவிக்கவும் படாமல் பல்லாண்டு தொங்கிய நிலங்களில் வீடு கட்டியவர்கள், விற்கவும் வழியின்றி வங்கிக்கடன் பெறவும் வழியின்றி அலைந்த கதை இதுதான். இயக்குநர் கடைசிச் சில நிமிடங்களில் வைத்ததை நாம் படத்தின் நடுவில் வைத்திருப்போம். அந்த இரண்டு அலுவலகங்களின் உள்ளே ஒரு முறையேனும் நம்மை அழைத்துப் போயிருந்தால், 'விதி' என்று சொல்ல எவருக்கும் நா எழுந்திராது. படத்தில் நாம் காணும் குறை அது ஒன்றே.

அதே 1894 சட்டத்தின் ஆறாம் பிரிவில் ஒரு வாசகம் இருந்தது. இந்த நிலம் பொது நோக்கத்துக்குத் தேவை என்று அரசு அறிவித்துவிட்டால், தேவை என்பதற்கு அந்த அறிவிப்பே முடிந்த முடிவான சான்று என்பது அதன் கருத்து. தேவை என்பதற்கு என்ன சான்று? தேவை என்று நான் சொன்னதே சான்று! இதை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? வேதம் உண்மை என்பதற்கு வேதமே சான்று என்னும் வாதத்தை மேடைதோறும் கிழித்தெறிந்தவர்கள், அரசிதழில் அதே வாதம் அச்சாகி வந்தபோது வணங்கி வாங்கிக்கொள்ள வேண்டுமா?

சொல்லாராய்ச்சி செய்வோருக்கு ஒரு விருந்து. நம் பத்திரங்களில் 'சுயார்ஜிதம்' என்றொரு சொல் உண்டு. ஒருவன் தானே உழைத்துத் தேடிய சொத்து அது. அதைப் பறிக்கும் அலுவலகத்துக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர், 'நில ஆர்ஜித' அலுவலகம். வியர்வை சிந்தித் தேடியதும் ஆர்ஜிதம். நோட்டீசு ஒட்டி எடுத்ததும் ஆர்ஜிதம். வடசொல்லின் போர்வைக்குள் உழைப்பும் பறிப்பும் ஒன்றாய்ப் படுத்திருந்தன. 'நில எடுப்பு' என்று தமிழில் சொன்ன பிறகுதான், எடுப்பவர் ஒருவர், இழப்பவர் ஒருவர் என்பது வெளிச்சமாயிற்று.

விலைக்கு வருவோம். 1955 சனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானித்தது. அவ்வாண்டே அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் வந்தது. கொடுக்கும் இழப்பீடு போதாது என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது என்றது அது. சமீன்தார்களின் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் குடியானவனுக்கு மாற்ற அந்த ஆயுதம் வேண்டியிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆயுதம் அரண்மனை வாயிலோடு நின்றதா? 1961-ல் சென்னை அரசு, வீட்டுவசதித் திட்டங்களுக்கு எடுக்கும் நிலத்துக்கென்று தனித் திருத்தம் கொண்டுவந்தது. அறிவிக்கை நாளின் சந்தை மதிப்பு ஒன்று, முந்திய ஐந்தாண்டுகளின் சராசரி மதிப்பு ஒன்று. இரண்டில் எது குறைவோ அதுவே விலை! நூற்றுக்குப் பதினைந்தாக இருந்த ஆறுதல் தொகை ஐந்தாகக் குறைந்தது. ஒருவனுக்கு வீடு கட்டித்தர இன்னொருவனின் நிலத்தைப் பாதி விலைக்குப் பேசிய இந்தச் சமதர்மத்தை, 1964 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பள்ளிக்கூடத்துக்கோ மருத்துவமனைக்கோ நிலம் கொடுத்தவனுக்கு ஒரு விலை, வீட்டுத்திட்டத்துக்குக் கொடுத்தவனுக்கு வேறு விலை என்பது சமத்துவமா என்பதே அங்கே எழுந்த கேள்வி.

இதைப் படித்துவிட்டு, "சொத்துரிமையின் பூசாரிகள் ஆகிவிட்டீர்களா?" என்று தோழர்கள் சிலர் வினவக்கூடும். இல்லை. 'வீடு' படத்தின் நேர்மையே நம்மை அப்படி ஆகவிடாது. சுதாவின் மனையைக் கேட்டு வந்தது சாராயக்கடை அன்று, செல்வனின் பூங்கா அன்று, குடிநீர்! தண்ணீரை விடப் பொதுவான நோக்கம் எது? கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்ணுக்குக் குழாய் வேண்டும். அந்தக் குழாய் எவன் நிலத்திலேனும் புதைந்துதான் வரவேண்டும். ஆகவே 'தரமாட்டேன்' என்பது நம் கட்சி அன்று. 'ஏன் இந்த இடம், ஏன் இவ்வளவு, வேறு வழி பார்த்தீர்களா' என்பதே நம் கட்சி. வெளிவட்டச் சாலைக்கு வகுத்த அகலம் 122 மீட்டர். அதில் சாலைக்கும் வருங்கால இரயில் தடத்துக்கும் உரியது 72 மீட்டர். எஞ்சிய 50 மீட்டர், சாலையோர நகர் வளர்ச்சிக்கு. 72 மீட்டரைப் பொது நோக்கம் என்றால் விளங்குகிறது. அந்த ஐம்பதும் அதே பெயரால் எடுக்கப்பட்டதற்கு விளக்கம் கேட்பது குற்றமா?

2013-ல் புதிய சட்டம் வந்தது. 2014 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சமுதாயத் தாக்கத்தை மதிப்பிடவேண்டும், மறுவாழ்வு தரவேண்டும், மதிப்புக்கு நிகராக நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை தரவேண்டும் என்றது. நல்ல சட்டம். அதன் மை உலருமுன் தமிழ்நாட்டில் 105-அ என்னும் பிரிவு நுழைக்கப்பட்டது. மாநில நெடுஞ்சாலை, தொழில் ஆகியவற்றுக்கான மாநிலச் சட்டங்களுக்குப் புதிய நடைமுறையிலிருந்து விலக்கு! 2019 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை வீழ்த்திற்று. அதே ஆண்டில் சட்டமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021 சூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. தொகை புதிய சட்டப்படி கிடைக்கும். ஆனால் சமுதாயத் தாக்க மதிப்பீடு என்னும் கேள்விக்கட்டம் கிடையாது. கட்சிகள் மாறின, கோட்டையின் இந்தப் பழக்கம் மாறவில்லை என்பதைக் கூச்சமின்றிச் சொல்லிவைக்கிறோம்.

தொகையிலும் ஒரு சூட்சுமம். சிற்றூர் நிலத்துக்கு மதிப்பை இரண்டு மடங்கு வரை பெருக்கலாம். நகர்ப்புறத்துக்குப் பெருக்கம் ஒன்றே. அந்த மதிப்போ, வழிகாட்டி மதிப்பையும் பதிவான பத்திரங்களையும் பார்த்துக் கணிக்கப்படுவது. முத்திரைத்தாள் செலவுக்கு அஞ்சிப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் நம் ஊர்ப் பழக்கம், நில எடுப்பின்போது திரும்பிவந்து கடிக்கிறது.

இனி, நோட்டீசை எப்படிப் படிப்பது? ஒரு நூலை விமரிசகன் படிப்பதுபோல. முதலில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். 2013 சட்டமா, 2001-ன் நெடுஞ்சாலைச் சட்டமா என்பதைப் பொறுத்துக் கேட்கும் உரிமையே மாறும். 2013 சட்டமானால், முதல் அறிவிக்கை வெளியானதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தரலாம். நிலத்தின் பரப்பும் பொருத்தமும், பொது நோக்கத்துக்குக் கூறிய நியாயம், சமுதாயத் தாக்க அறிக்கையின் முடிவுகள் ஆகிய மூன்றையும் அதில் எதிர்க்கலாம். நகரில் மூன்றாண்டுக்கு மேல் குடியிருந்து வெளியேற்றப்படும் குடும்பம், வீட்டுக்காரராக இல்லாவிடினும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே அச்சட்டம் கொள்கிறது. கதையின் தொடக்கத்துச் சுதாவைப் போன்ற வாடகைக்காரர்கள் இதை அறியவேண்டும். 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் 300-அ பிரிவுக்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாக வகுத்துரைத்தது. முன்னறிவிப்பும், கேட்கப்படுவதும், காரணம் கூறும் முடிவும், பொது நோக்கமும், நியாயமான இழப்பீடும், தாமதமற்ற நடைமுறையும், எடுப்பு முறைப்படி நிறைவுறுவதும் அவை.

விசாரணை நாளில் வீட்டுக்காரர் தனியே போய் நிற்கிறார். அதிகாரி கேட்கிறார், எழுதுகிறார், முடிந்தது என்கிறார். ஆவடி வட்டாரத்து மன்றங்களின் இளைஞர்கள் அன்று அவரோடு போகவேண்டும். மறுப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கவேண்டும். மறுப்பு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கவேண்டும். வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல், நில எடுப்பு அறிவிக்கை ஏதும் நிலுவையில் உள்ளதா என்று வருவாய்த்துறையிலும் வீட்டுவசதி வாரியத்திலும் விசாரித்த பிறகே மனை வாங்கும்படி, அதே தெருவில் இடம் தேடி வரும் புதியவருக்கும் சொல்லவேண்டும்.