ஏமி கார்மிக்கேலின் எழுத்துகளில் அருட்பணி அனுபவம்: அறிக்கையும் அகநோக்கும்

முன்னுரை

தமிழகத்திற்கு வந்த கிறித்தவ அருட்பணியாளர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவர்தம் இலக்கணம், அகராதி, மொழிபெயர்ப்பு, அச்சுப்பணி ஆகியவற்றையே களமாகக் கொண்டுள்ளன. சீகன்பால்கு, பெஸ்கி, கால்டுவெல், போப் ஆகியோர் தமிழுக்கு ஆற்றிய தொண்டு விரிவாகப் பேசப்பட்டுள்ளது. ஆயின், அருட்பணியாளர்கள் தம் நம்பிக்கையையும் அன்றாட வாழ்வையும் குறித்துத் தாமே எழுதிய எழுத்துகள் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளப்பட்ட அளவிற்கு இலக்கியப் பனுவல்களாக ஆராயப்படவில்லை. இவ்வகையில், திருநெல்வேலிப் பகுதியில் அரை நூற்றாண்டுக் காலம் வாழ்ந்த ஏமி கார்மிக்கேல் (1867 - 1951) எழுதிய நூல்களுள் மூன்றினை எடுத்துக்கொண்டு, அவற்றில் அருட்பணி அனுபவம் வெளிப்படும் முறையினை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியரும் காலமும்

வட அயர்லாந்தின் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிரெஸ்பிட்டேரியன் குடும்பத்தில் பிறந்த கார்மிக்கேல், 1893இல் ஜப்பானுக்குச் சென்று, உடல்நலக் குறைவால் அப்பணியைக் கைவிட்டார். பின்னர் 1895இல் இங்கிலாந்துத் திருச்சபையின் செனானா மிஷனெரி சங்கத்தின் சார்பில் பெங்களூர் வந்தார். அங்கிருந்து திருநெல்வேலிக்குச் சென்று, தாமஸ் வாக்கர் என்பவரின் துணையுடன் தமிழ் கற்றார். தமிழ்ப் பெண்கள் சிலருடன் மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று போதித்தார். 1901 முதல் டோனாவூரில், கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் நிலையிலிருந்த பெண் குழந்தைகளுக்குப் புகலிடம் அமைத்தார். இந்தியா வந்தபின் அவர் தாய்நாடு திரும்பவேயில்லை.

அறிக்கை மரபும் அதன் மீறலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிஷன் சங்கங்கள் தாய்நாட்டு மக்களின் நன்கொடையால் இயங்கின. எனவே களத்திலிருந்து எழுதப்படும் மடலும் நூலும் நன்கொடையாளரை நோக்கியவையாயின. திருமுழுக்குப் பெற்றோர் தொகை, திறக்கப்பட்ட பள்ளிகள், மனம் மாறியவரின் சாட்சியம் ஆகியவை இவ்வறிக்கை மரபின் வழக்கமான கூறுகள். தோல்வி இடம்பெறினும் அது வரப்போகும் வெற்றிக்கு முன்னுரையாகவே அமையும்.

1903இல் வெளிவந்த 'திங்ஸ் ஆஸ் தே ஆர்' இம்மரபை மீறுகிறது. 'உள்ளது உள்ளவாறே' எனப் பொருள்படும் அந்நூலின் கையெழுத்துப்படி, ஊக்கம் குன்றச் செய்வதாக உள்ளது என்னும் காரணத்தால் முதலில் திருப்பி அனுப்பப்பட்டது என்பதை அவர்தம் வாழ்க்கை வரலாற்றாளர் குறிப்பிடுவர். அச்சான பின்னரும் அதன் உண்மைத்தன்மை ஐயுறப்பட்டமையால், பிற அருட்பணியாளர் சிலரின் உறுதிமொழிகள் பின்வந்த பதிப்பில் சேர்க்கப்பட்டன. அன்றாடச் சலிப்பு, தப்பிய இலக்குகள், நடைமுறையின் புழுதி எனப் பொருள்படும் இயல் தலைப்புகளே நூலின் போக்கை உணர்த்தப் போதுமானவை. கதவடைக்கும் வீடுகள், கேட்டும் கேளாத செவிகள், மனம் நெகிழ்ந்தும் வீட்டை விட்டு வர இயலாத இளம்பெண்கள் என நூல் விரிகிறது. வெற்றியைப் பட்டியலிடும் மரபினுள் இருந்துகொண்டே வெற்றியின்மையை எழுதிய துணிவு இந்நூலின் தலையாய சிறப்பு எனலாம்.

பார்வையின் எல்லை

ஆயினும் 'உள்ளவாறே' என்னும் அந்தத் தலைப்பினை அவ்வாறே ஏற்றுக்கொள்ளுதல் இயலாது. தோல்வியை ஒளிக்காத ஆசிரியர், அதன் காரணத்தைப் பெரிதும் ஒரு பக்கமே தேடுகிறார். சாதி இங்கு ஒரு சமூக அமைப்பாக ஆராயப்படுவதினும், செயல்படும் ஓர் எதிரியாகவே உருவகிக்கப்படுகிறது. போர்க்கள உருவகங்கள் நூல் முழுதும் விரவிக் கிடக்கின்றன. போராக உருவகித்த பின்னர் எதிர்ப்பக்கத்தார் மனிதராகப் பேச இடமில்லாமற் போகிறது. மகளை இழக்கப் போகும் தாயின் அழுகை பதிவாகிறது; ஆனால் அது துயரமாக நிற்பதில்லை, தடையாக மாறிவிடுகிறது. அத்தாய் ஏன் அழுதாள் என்பதை அவள் வாய்மொழியாகவே கேட்டறியும் பொறுமை நூலில் குறைவு. வந்தவர் ஆளும் இனத்தைச் சார்ந்தவர் என்பதும் கதவு அடைபட ஒரு காரணமாகலாம் என்னும் வினாவிற்கு உரிய இடம் தரப்படவில்லை.

இங்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' (1936) என்னும் புதினத்தை உடன்வைத்து நோக்குதல் பயனுடையது. கார்மிக்கேல் வெளியிலிருந்து ஆங்கிலத்தில் எழுதிய அதே கொடுமையை, அம்முறையினுள் வளர்ந்த ஒரு பெண் தமிழில் எழுதினார். முன்னதில் பெண் மீட்கப்படுகிறாள். பின்னதில் அக்குலத்துப் பெண்களே அம்முறையை எதிர்த்துப் பேசித் தாமே வெளியேறுகின்றனர். முத்துலட்சுமி ரெட்டி முதலியோரின் நெடிய முயற்சிக்குப் பின் 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அவ்வரலாற்றில் மீட்பரின் நூலுக்கும் இடமுண்டு. ஆனால் வெளியேறியவரின் நூலைப் படிக்காமல் அதனை மட்டும் படித்தல் பாதி வரலாற்றையே தரும்.

பொன்னம்மாள்

இக்குறையை ஓரளவு நிறைவு செய்வது 'பொன்னம்மாள்: ஹெர் ஸ்டோரி' (1918) என்னும் நூல். இளம் கைம்பெண்ணான பொன்னம்மாள் கார்மிக்கேலின் பயணக் குழுவில் சேர்ந்தவர். கைக்குழந்தைகளுக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டதால், அன்றைய திருவிதாங்கூரைச் சார்ந்த நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனையை ஒட்டிக் குழந்தைகள் இல்லம் ஒன்று அமைக்கப்பட்டது. அதனை நடத்திய பொறுப்பு பொன்னம்மாளுடையது. வயிற்றுக்கடுப்பு நோய் பரவிக் குழந்தைகள் பலர் இறந்தபோது அங்கே நின்று தாங்கியவரும் அவரே. புற்றுநோயால் 1915இல் அவர் மறைந்தார்.

இந்நூலில் கார்மிக்கேலின் நடை மாறுகிறது. போர் முழக்கம் தணிந்து, ஒரு தோழியை இழந்தவரின் அடங்கிய குரல் கேட்கிறது. மதம் மாற்றப்பட வேண்டியவர் என்னும் நிலையிலன்றி, தம்மினும் உறுதி மிக்கவராகத் தமிழ்ப் பெண் ஒருவர் காட்டப்படுகிறார். எனினும் 'அவள் கதை' என்று தலைப்பிட்ட நூலையும் எழுதியவர் கார்மிக்கேலே. பொன்னம்மாள் தம் நம்பிக்கையைத் தம் தமிழில் எங்ஙனம் சொல்லியிருப்பார் என்பதை ஆங்கில உரைநடையின் வழியே ஊகிக்க மட்டுமே இயல்கிறது.

உறவுச் சொற்கள்

டோனாவூரில் வழங்கிய விளிச்சொற்கள் இவ்விடத்தில் கருதத்தக்கன. கார்மிக்கேல் 'அம்மா', ஐரோப்பியப் பெண் ஊழியர் 'சித்தி', இந்தியப் பெண் ஊழியர் 'அக்காள்', ஆண்கள் 'அண்ணாச்சி'. நிறுவனப் பதவிப் பெயர்களை விலக்கித் தமிழ்க் குடும்ப உறவுகளை ஏற்றது பாராட்டத்தக்கது. நெல்லை வழக்கான 'அண்ணாச்சி' இடம்பெற்றமை அம்மண்ணோடு கொண்ட நெருக்கத்திற்குச் சான்று. ஆனால் தமிழ் உறவுமுறையில் சித்தி தாயின் தலைமுறையைச் சார்ந்தவள். அக்காள் குழந்தையின் தலைமுறையைச் சார்ந்தவள். ஒரே பணியைச் செய்த இருவருள் ஐரோப்பியர் ஒரு தலைமுறை மேலே நிறுத்தப்பட்டனர். ஆண்களிடையே இவ்வேறுபாடு காட்டப்படவில்லை. இவ்வமைப்பு திட்டமிட்டதாக இல்லாதிருக்கலாம். அன்பின் மொழியினுள்ளும் படிநிலை நுழைந்துவிடும் என்பதை ஆங்கிலம் மட்டுமே அறிந்த வாசகர் எளிதில் உணர இயலாது. தமிழறிந்தோர்க்கு அது வெளிப்படை.

நோயில் எழுந்த குரல்

1931இல் நேர்ந்த ஒரு வீழ்ச்சியில் கார்மிக்கேலின் கால் முறிந்தது. எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் தம் அறையிலேயே கழிக்க நேர்ந்தது. அந்நிலையில் எழுதப்பட்டது 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' (1933). நோயுற்றோர்க்கு நோயுற்றவர் எழுதிய மடல்களின் தொகுப்பு இது. உடல்நலமுடையோர் எழுதிய ஆறுதல் நூல்கள் வலியுற்றவரைத் தொடுவதில்லை என்னும் உணர்விலிருந்து இந்நூல் பிறக்கிறது.

இங்கு எதிரி எவருமில்லை. கணக்குக் காட்ட வேண்டிய வெற்றியுமில்லை. உறக்கமின்மை, வலி, பயனற்றுப் போனோமோ என்னும் ஐயம் ஆகியவற்றின் நடுவே நம்பிக்கை எங்ஙனம் நிலைபெறுகிறது என்பதே பொருள். நலமுடையோர் நோயுற்றோர்க்கு எழுதுதல் பற்றி அவர் கொண்ட மனக்குறை, முப்பது ஆண்டுகளுக்கு முன் அவரே எழுதிய நூலுக்கும் பொருந்துவது குறிப்பிடத்தக்கது. அங்கும், அடைபட்ட வீட்டினுள் இருந்தவரைப் பற்றி, வெளியே நடமாட இயன்றவர் எழுதினார். அவர் இத்தொடர்பை வெளிப்படையாகச் சுட்டவில்லை. ஆயினும் இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு அது புலனாகும்.

முடிவுரை

நன்கொடையாளரை நோக்கிய அறிக்கை மரபிலிருந்து விலகுந்தோறும் கார்மிக்கேலின் எழுத்தில் அகநோக்கு ஆழம் பெறுகிறது. முதல் நூலில் தோல்வி பிறர்மேல் சுமத்தப்படுகிறது. இரண்டாவதில் பிறர் ஒருவரின் பெருமை ஏற்கப்படுகிறது. மூன்றாவதில் தன் இயலாமையே பொருளாகிறது. அருட்பணியாளரின் தன்வரலாற்று எழுத்துகளைத் துதிபாடலாகவோ குற்றப்பத்திரிகையாகவோ மட்டும் அணுகுவோர் இவ்வளர்ச்சியைக் காணத் தவறுவர். அதேவேளையில், இவ்வெழுத்துகளில் இடம்பெறும் தமிழ்ப் பெண்கள் பேசப்பட்டவர்களேயன்றிப் பேசியவர்கள் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. தம் கல்லறைக்குக் கல் வேண்டா என்றார் கார்மிக்கேல். பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்றையே அங்கு அமைத்து, தாயைக் குறிக்கும் ஒற்றைத் தமிழ்ச் சொல்லை அதில் பொறித்தனர். அவரைப் பற்றி டோனாவூர்ப் பிள்ளைகள் எழுதிய மிகச் சுருங்கிய பனுவல் அச்சொல். அவர்கள் விரிவாக எழுதியவை, சொல்லியவை எவையெவை எஞ்சியுள்ளன எனத் தேடித் தொகுத்தல் இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.