யார் கால், யார் மேடை?

மழு ஏந்திச் சிவன் ஆடினான், அதனால் மழுவாடி, அதுவே மழபாடி ஆயிற்று என்கிறது எங்கள் திருமழபாடியின் தலபுராணம். கொள்ளிடக் கரையில் சாமி ஆடினால் ஊருக்கே பேர். ஆட்டத்தையும் அடியையும் பிழைப்பாகக் கொண்ட மனுசனுக்கோ 'கூத்தாடிப் பய' என்று பேர். ஆட்டக்கலை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் சேர்த்தே பேச வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம், ரிவர்டான்ஸ் என்ற ஐரிஷ் நடன நிகழ்ச்சி. 1994-ல் டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ஏழு நிமிட ஆட்டமாக வந்தது. 1995-ல் முழு மேடை நிகழ்ச்சியானது. 1996-ல் நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கில் அதைப் படமாக்கினார்கள். அந்தப் பதிவைப் பார்த்த நம் மாணவர்கள் சிலர், "எல்லா இனத்தாரையும் மேடையில ஏத்திருக்கான் பாருங்க, இதுதான் சமத்துவம்" என்றார்கள். ஸ்பெயினின் ஃபிளமென்கோ இருக்கிறது, ருஷ்ய ஆட்டம் இருக்கிறது, கறுப்பினத்தாரின் டாப் நடனம் இருக்கிறது. வாஸ்தவம்தான். ஆனால் அங்கே வீட்டுக்காரன் யாரு, விருந்தாளி யாரு? ஐரிஷ் வரிசைதான் நிகழ்ச்சியைத் தாங்கி நிற்கிறது. மற்றவர்கள் தம் முறை வரும்போது ஆடிவிட்டு ஒதுங்குகிறார்கள், கடைசிக் கைதட்டலுக்குச் சேர்ந்துகொள்கிறார்கள்.

அதிலே ஒரு காட்சி. ஐரிஷ் ஆட்டக்காரர்களும் கறுப்பு ஆட்டக்காரர்களும் போட்டி போட்டுக் காலால் பேசுகிறார்கள், கேலி செய்துகொள்கிறார்கள், முடிவில் கூடிவிடுகிறார்கள். கால்வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரலாறுதான் அவ்வளவு சிரித்த முகமாக இல்லை. 1840-களில் நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் சேரியில் ஏழை ஐரிஷ்காரரும் கறுப்பரும் அக்கம்பக்கம் கிடந்தார்கள். இரண்டு ஆட்டமும் கலந்த அப்படிப்பட்ட இடங்களில்தான் டாப் நடனம் வேர்பிடித்தது. மாஸ்டர் ஜூபா என்ற கறுப்பு ஆட்டக்காரர் வில்லியம் ஹென்றி லேன், 1844-ல் ஜான் டயமண்ட் என்ற ஐரிஷ் வம்சாவளிக்காரரோடு பந்தயம் ஆடினார். அந்த டயமண்ட், முகத்தில் கரி பூசிக் கறுப்பர் ஆட்டத்தை ஆடிக் காசு பார்த்த வெள்ளையரில் ஒருவர். மேடை அந்தக் கரியைத் துடைத்துவிட்டு, சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டது. இரண்டு ஏழைகளில் ஒருவனுக்கு வெள்ளைத்தோல் கைகொடுத்தது என்ற சேதி காட்சியில் இல்லை.

நம்ம சினிமா என்ன செய்தது? 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் நாயனத்தைப் பிடித்திருப்பவர் சிவாஜி. ஊதும் மூச்சு மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. 'கரகாட்டக்காரன்' (1989) நாயகனும் நாயகியும் கரகக்காரர்கள்தான், ஆனால் தலையில் கரகம் வைத்து ஆடியவர்கள் ராமராஜனும் கனகாவும். ஆட்டத்தின் வண்ணமெல்லாம் திரைக்கு வந்தது. ஆடுகிறவளைப் பற்றி ஊர் பேசும் சாதிப்பேச்சு வரவில்லை.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) இங்கேதான் வேறுபடுகிறது. பெண்வேடம் கட்டிக் கூத்தாடிய நெல்லை தங்கராசுவே கூத்தாடும் தகப்பனாக நடித்தார். மகன் அவரைக் கல்லூரிக்குக் கூட்டிவரக் கூசுகிறான். சாதிவெறியர்கள் அவர் வேட்டியை உருவித் தெருவில் ஓடவிடுகிறார்கள். மேடையில் கைதட்டு வாங்கிய உடம்பைத் தெரு எப்படி நடத்துகிறது என்பதை அந்த ஓட்டம் சொல்லிவிடுகிறது. அதே தங்கராசு குடிசையில் கிடந்தது 2021-ல் செய்தியானது. 2023-ல் அவர் இறந்துபோனார். படத்தில் இடம் கிடைப்பது வேறு, வாழ்க்கையில் இடம் கிடைப்பது வேறு.

பறைக்கும் இன்று மேடை உண்டு. 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் நம்மை அழைத்த மேடை. நீலம் பண்பாட்டு மையம் 2020-ல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' நாமே போட்ட மேடை. இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆனாலும் மேடையில் 'கலை' என்று கைதட்டுகிற சமூகம், ஊரில் எழவு விழுந்தால் "வந்து அடிடா" என்கிறது. மாட்டேன் என்றால் கூலிவேலை நிற்கும், கடையில் சாமான் நிற்கும், அடியும் விழும். அதனால்தான் நம்மில் ஒரு சாரார் பறையைத் தூக்கி எறி என்றார்கள், இன்னொரு சாரார் அதை விடுதலைக் கருவியாக எடு என்றார்கள். எறிந்தவனும் எடுத்தவனும் கேட்டது ஒன்றுதான்: அடிப்பதா வேண்டாமா என்பதை அடிக்கிறவன் முடிவு செய்யணும்.

பிரதிநிதித்துவம் என்பதை நான் இங்கிருந்துதான் அளக்கிறேன். மேடையில் எத்தனை நிறம், எத்தனை சாதி என்று எண்ணுவது தொடக்கம், அவ்வளவுதான். பேர் யாருக்குப் போட்டிருக்கிறது, பணம் எங்கே போகிறது, மாட்டேன் என்று சொல்ல யாரால் முடியும் என்று கேட்டால்தான் கணக்கு முடியும்.

கையில் கைபேசி வைத்திருக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இனி பறையாட்டத்தைப் படமெடுத்தால் அடிக்கிறவரிடம் சம்மதம் கேளுங்கள். சரி என்றால் அவர் பேரை எழுத்தில் போடுங்கள். அன்றைக்குக் கூலி எவ்வளவு கொடுத்தார்கள் என்றும் கேட்டுப் போடுங்கள்.