‘வெரி மச்’ என்னும் அடைமொழி

ஆங்கிலேயர் ஒருவரைப் பெரியதொரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று சொல்ல விரும்பினால் அதற்கு அவர்கள் பாஷையில் எளிய வாசகங்கள் பல உண்டு. ‘பார்ட் ஆஃப்’ என்பார்கள். ‘ஒன் ஆஃப் அஸ்’ என்பார்கள். சற்று முழக்கமாகச் சொல்ல வேண்டின் ‘பார்ட் அண்ட் பார்சல்’ என்பார்கள். நம் பத்திரிகைகளும் மேடைகளும் இவற்றை நாள்தோறும் தமிழாக்கிக் கொண்டிருக்கின்றன. இவற்றை ஒட்டிக்கொண்டு வரும் சிறு வினையடைகளையோ, வாலைப்போல், யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. பேசுகிறவரின் உள்ளக்கிடக்கை அந்த வாலில்தான் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

கணக்குப்படி பார்த்தால், ஒரு பொருள் ஒரு தொகுதிக்குள் இருக்கும்; அல்லது வெளியே இருக்கும். ‘அதிகமாக உள்ளே இருக்கிறது’ என்று சொல்ல இடமில்லை. இலக்கணமும் அதற்கு ஒத்தே நிற்கிறது. ‘வெரி’ என்னும் சொல் பண்புச் சொல்லைத் தழுவுமேயன்றி, மிகுதி காட்டுதற்காகப் பெயர்ச்சொல்லைத் தழுவாது. பையன் ‘வெரி பார்ட் ஆஃப்’ என்று எழுதினால் உபாத்தியாயர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். எனவே ‘மச்’ என்ற தரகரை நடுவில் அமர்த்தி, ‘வெரி மச் எ பார்ட் ஆஃப்’ என்று காரியத்தைச் சாதித்துக்கொள்கிறார்கள். இந்தத் தரகர் வந்தவுடன் ‘பார்ட்’ என்னும் பெயர் தன் இயல்பு மாறி, ‘ஒன்றியிருக்கிறது’ என்னும் வினையைப்போல் நடக்கத் தொடங்குகிறது. முன்னால் நின்ற ‘எ’ என்னும் சிறு சொல்லும் பல வேளைகளில் உதிர்ந்துபோகிறது. அப்புறம் அளவுக்கு என்ன குறை? இதைப்போல் அதுவும் என்று ஒப்பிட ‘ஆஸ் மச் எ பார்ட்’; பிரிவே தெரியாத அளவுக்கு என்று காட்ட ‘சோ மச் எ பார்ட்’. உள்ளே, வெளியே என்ற இரண்டே நிலையிருந்த இடத்தில் படிக்கட்டு ஒன்று முளைத்துவிடுகிறது.

(இந்த ‘எ’ வேடிக்கையானது. தனித்து நின்றால் ‘எ பார்ட்’, ஒரு பகுதி. அடுத்த சொல்லோடு ஒட்டிவிட்டால் ‘அபார்ட்’, தனியே விலகியது. எழுத்தில் ஓர் இடைவெளிதான் வித்தியாசம்.)

‘பார்ட் அண்ட் பார்சல்’ என்பதில் அடைமொழி உள்ளேயே புதைந்து கிடக்கிறது. பார்சல் என்றதும் நமக்குத் தபால் மூட்டையோ சாப்பாட்டுப் பொட்டலமோ நினைவுக்கு வரும். பழைய ஆங்கிலத்தில் அதற்கும் பகுதி என்றே பொருள். நிலப் பத்திரங்களில் இன்றும் அப்படித்தான். ஒன்றையே இருமுறை சொல்லி உறுதி கூட்டுவது வக்கீல்மாரின் வழக்கம்.

நிற்க. இந்த வினையடைகள் எப்பொழுது வருகின்றன என்பதே முக்கியம். ‘என் கை வெரி மச் என் உடம்பின் பகுதி’ என்று யாரேனும் சொல்வதுண்டா? சொன்னால், கைக்கு என்ன ஆபத்தோ என்று நாம் பதறிப் பார்ப்போம். ஐயம் இல்லாத இடத்தில் உறுதி வேண்டுவதில்லை. ‘வெரி மச்’ வந்துவிட்டால், யாரோ எங்கோ ஐயுற்றிருக்கிறார் என்பது நிச்சயம். ‘ஸ்டில்’ வந்தால், இந்நேரம் போயிருக்க வேண்டியவர் இன்னும் இருக்கிறார் என்ற வியப்பு அதில் கலந்திருக்கும். ‘ஆல்மோஸ்ட் ஒன் ஆஃப் த ஃபேமிலி’ என்று வீட்டு வேலைக்காரியைப் பற்றி எசமானி சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அன்பாகச் சொல்லும் சொல்தான். ஆனாலும் அந்த ‘ஆல்மோஸ்ட்’ என்பது வாசற்படி. அவள் படிவரை வந்தாள், படியைத் தாண்டவில்லை.

வினையடை இல்லாமல் வரும் உறவே ஆங்கிலத்தில் முழு உறவு. இதற்கு இலக்கியச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஜோசஃப் கான்ராட் எழுதிய ‘லார்ட் ஜிம்’ 1900-ல் புத்தகமாக வெளிவந்தது. ஜிம் என்னும் ஆங்கிலேய இளைஞன் ‘பாட்னா’ என்ற கப்பலின் அதிகாரிகளில் ஒருவன். கப்பல் மூழ்கிவிடுமென்று அஞ்சி, எண்ணூறு முஸ்லிம் யாத்திரிகர்களை நடுக்கடலில் விட்டுவிட்டு மற்ற வெள்ளைக்காரர்களைப்போல் அவனும் படகில் குதித்துத் தப்புகிறான். கப்பலோ மூழ்கவில்லை. இது வெறுங்கதையன்று, 1880-ல் சிங்கப்பூர், பினாங்கு வழியாகத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற ‘ஜெட்டா’ என்னும் கப்பலில் நடந்த சம்பவமே இதற்கு மூலம். கதை சொல்லும் மார்லோ, விசாரணையில் குற்றவாளியாகித் தொழிற்சான்றை இழந்த ஜிம்மைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகம் ‘ஒன் ஆஃப் அஸ்’ என்பதே. ‘இன்னும்’ என்றோ ‘ஏறக்குறைய’ என்றோ இழுப்பதில்லை. பிழை செய்த பின்னும் அவனுடைய உறுப்புரிமை தேயவில்லை. கைவிடப்பட்ட எண்ணூறு பேருக்கோ அந்தச் சொல் ஓர் அடைமொழியோடுகூடக் கிடைக்கவில்லை. கான்ராட் இதை அறிந்தேதான் எழுதினார் என்று நாம் கருதுகிறோம். அந்த ‘அஸ்’ யார் யார் என்று வாசகர் நெஞ்சு உறுத்தவேண்டுமென்பதே நாவலின் வேலை.

இதைத் தமிழாக்குவோனுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. ஆங்கில ‘அஸ்’ ஒரே சொல். தமிழில் கேட்பவனையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ உண்டு, விலக்கிவைக்கும் ‘நாங்கள்’ உண்டு. மலாயிலும் ‘கீத்தா’, ‘காமி’ என்று இந்தப் பேதம் இருப்பது நம் வாசகர் அறிந்ததே. மார்லோ தன் இனத்தாரிடம் பேசுகிறான். ஆகையால் ‘நம்மில் ஒருவன்’ என்பதே சரி. அப்படி எழுதினால் தமிழ் வாசகனும் அந்தத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவனாகிறான். ‘எங்களில் ஒருவன்’ என்று எழுதினால் அவன் கப்பலின் கீழ்த்தட்டுக்குப் போய்விடுகிறான். நம்மைக் கேட்டால் முன்னதையே எழுதவேண்டும் என்போம். அந்த நாற்காலியில் அமர்ந்த கூச்சத்தோடு படிப்பதே இந்நூலைப் படிக்கும் முறை.

நம் பத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. ‘இன்டெக்ரல் பார்ட்’ என்றால் ‘பிரிக்க முடியாத அங்கம்’ என்று அச்சுக்கோத்துவிடுகிறார்கள். பிரிக்கும் பேச்சை எடுத்தவர் யார்? ‘வெரி மச் எ பார்ட்’ என்பதைப் ‘பெரிதும் ஒரு பகுதி’ என்று எழுதியவர்களும் உண்டு. அது தமிழுமன்று, பொருளுமன்று. நம் பாஷை இவ்வேலையை வினையடையிடம் ஒப்படைக்கவில்லை, இடைச்சொல்லிடம் ஒப்படைத்திருக்கிறது. ஏகாரத்துக்குத் தொல்காப்பியர் சொன்ன ஐந்து பொருள்களில் தேற்றமும் பிரிநிலையும் இரண்டு. ‘இவர் நம்மவரே’ என்றால் ‘வெரி மச்’ முழுதும் அந்த ஓர் எழுத்தில் அடங்கிவிடுகிறது.

அடங்குவதால் மறைந்தும் விடுகிறது. ‘அவர்களும் நம்மவர்களே’ என்று தாழ்த்தப்பட்ட மக்களைப் பற்றி நம் சாதிமான்கள் சீர்திருத்த மேடைகளில் முழங்கியதுண்டு. முன்னே ஓர் உம்மை, பின்னே ஓர் ஏகாரம். தம்மைப் பற்றி ‘நாமும் நம்மவர்களே’ என்று அவர்கள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ‘எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்பதிலுள்ள ‘மாதிரி’யோ, எசமானியின் ‘ஆல்மோஸ்ட்’டுக்கு உடன்பிறப்பு. ஆங்கிலேயனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் கண்டிப்பானது. குடியுரிமைப் பத்திரத்தில் ‘வெரி மச்’ கிடையாது. நீலநிற அடையாள அட்டை உண்டு, சிவப்பு உண்டு. தோட்டத்தில் பிறந்து, பால்மரத்தோடு ஆயுளைக் கழித்து, சிவப்பு அட்டையோடே மாண்ட மூதாட்டிகளை நாம் அறிவோம். அத்தகையவர் வாழ்ந்த லயத்துக்குப் பக்கத்தில் தேர்தல் பந்தலிட்டு, ‘யூ ஆர் வெரி மச் எ பார்ட் ஆஃப் திஸ் கன்ட்ரி’ என்று ஒரு பெருமகன் பேசினால், மொழிபெயர்க்க எழும் தொண்டர் அதை எப்படிச் சொல்வது? ‘நீங்களும் இந்நாட்டவரே’ என்று சொல்லலாம். உம்மையையும் ஏகாரத்தையும் கேட்போர் கவனித்துக்கொள்வார்கள். ‘நீங்கள் இந்நாட்டவர்’ என்று சொன்னால் அது பெருமகன் சொன்னதன்று.