பாத்திரத்தில் வெட்டிய பெயர்: கைவினை நூல் இடுபணியை எப்படி மதிப்பிடுவது?



வீட்டுப் பொருள் ஒன்றையும் குடும்பத்தையும் வைத்து ஒரு கைவினை நூல் செய்யச் சொன்னால் பெரும்பாலும் என்ன வருகிறது? டிபன் கேரியர் வடிவில் வெட்டிய அட்டை, மேலே மினுமினுப்புத் தாள், ஒரு ரிப்பன் முடிச்சு. திறந்தால், ‘என் பாட்டி அன்பானவர், அவர் சமையல் மிகவும் சுவையானது’ என்று இருக்கும். கைவேலை சுத்தம்தான். ஆனால் அந்த வரியை எந்தப் பாட்டிக்கும் எழுதலாமே! பொருள் அட்டையோடு நின்றுவிட்டது. குடும்பம் உள்ளே வரவே இல்லை. இந்தக் குறையைப் புரிந்துகொள்ள இரண்டு நூல்களைப் பார்ப்போம். இரண்டையும் வெளியிட்டது, 1994-இல் சென்னையில் தொடங்கப்பட்ட தாரா புக்ஸ் பதிப்பகம்.

தாளும் கதை சொல்லும்

முதல் நூல் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’, அதாவது மரங்களின் இரவு வாழ்க்கை. 2006-இல் வந்தது. கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி மூவரும் வரைந்தது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்த கறுப்புத் தாளில், திரை அச்சு முறையில், ஒவ்வொரு நிறமாகக் கையால் அச்சிட்டு, கையாலேயே தைத்திருக்கிறார்கள். ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம். 2008-இல் இந்நூல் போலோக்னா ராகாஸி விருது பெற்றது.

பகலெல்லாம் நிழலும் உணவும் தந்து உழைக்கும் மரங்கள், இரவில்தான் ஓய்வெடுத்துத் தம் உயிரை வெளிக்காட்டும் என்பது கோண்டு மக்களின் நம்பிக்கை. ஆகவே அந்தக் கறுப்பு அலங்காரம் இல்லை, அதுதான் இரவு. இதையே வெள்ளைத் தாளில் அச்சிட்டிருந்தால் படம் இருக்கும், கதை போய்விடும். தாளும் நூலின் கருத்தில் ஒரு பங்கு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்புக்குக் கிடைப்பது கடினம்.

ஆனால் இதை மட்டும் காட்டினால் ஓர் ஆபத்தும் உண்டு. அடுத்த வாரம் வகுப்பே கறுப்புத் தாளோடு வந்து நிற்கும். ‘ஏம்பா கறுப்பு?’ என்று கேட்டால் பதில் வராது. அழகைப் பின்பற்றுவது சுலபம். காரணத்தைத்தான் அவரவர் தேடிக்கொள்ள வேண்டும்.

கேட்டு எழுதிய நூல்

அந்தத் தேடலுக்கு இரண்டாவது நூல் உதவும். ஜப்பானிய வடிவமைப்பாளர் நாவோ சைட்டோ எழுதிய ‘ட்ராவல்ஸ் த்ரூ சவுத் இண்டியன் கிச்சன்ஸ்’. சென்னையில் தங்கி, பல வீட்டுச் சமையலறைகளுக்குள் போய், அவற்றின் அமைப்பை வரைந்து, சமையல் குறிப்புகளையும் பேச்சையும் பதிவு செய்தார். அவர் வெளியூர்க்காரர். அதனால்தான் நாம் கேட்கத் தோன்றாத கேள்வியெல்லாம் அவருக்குத் தோன்றின. அதுவே நூலின் பலம்.

குறையும் அங்கேதான். விருந்தாளிக்குப் பாத்திரம் இருக்கும் இடம் தெரியும். அது அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த இருபது வருடக் கதை அவ்வளவாகத் தெரியாது. மாணவர்களே, அது உங்கள் வீடு. விருந்தாளிக்குக் கிடைக்காத அந்தக் கதை உங்களுக்குக் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்காமல் ‘அன்பானவர்’ என்று எழுதி முடிப்பது வீண்தானே?

நம் வீட்டுப் பொருள்

வீட்டிலுள்ள பழைய எவர்சில்வர் பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். சிலவற்றில் தேதியும் இருக்கும். சீர் கொடுத்தவர் பெயரா, வாங்கியவர் பெயரா? தலைப்பெழுத்து யாருடையது? கோயில் விருந்துக்கு இரவல் போன குண்டான் தவறாமல் வீடு திரும்பவும் பெயர் வெட்டினார்கள். அந்த ஒரு பெயரை விசாரித்தால் திருமணம், அண்டை வீடு, இடமாற்றம் எல்லாம் வெளியே வரும்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இன்று வாழும் பல குடும்பங்களுக்குத் தோட்டத்து வேர் உண்டு. விடியுமுன் பெரட்டுக்குப் போய், ரப்பர் மரம் வெட்டியவர்கள். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்தபோது எதை எடுத்து வந்தார்கள், எதைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்? இதைச் சொல்லக்கூடியவர்கள் வயதானவர்கள். இடுபணிக்குத் தள்ளுபடி நாள் கேட்கலாம்; அவர்களிடம் கேட்க முடியாது.

இப்போது வடிவத்துக்கு வருவோம். மலாய்க்காரர்கள் ‘மங்கோக் திங்காட்’ என்று சொல்லும் டிபன் கேரியரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் படத்தை வெட்டுவதைவிட அதன் வேலையைப் பாருங்கள். மேல் தட்டை எடுக்காமல் கீழ்த் தட்டைத் திறக்க முடியாது. அப்படியானால் மூன்று சிறு நூல்களை அடுக்கி, ஒரே பட்டையால் பூட்டலாம். மேலே சமைத்தவர், நடுவில் சுமந்தவர், அடியில் சாப்பிட்டவர். வாசகர் வரிசையாகத் திறந்துதான் ஆக வேண்டும். பெயர் வெட்டிய குண்டான் என்றால், தலைப்பை எழுதாமல் ஊசியால் புள்ளி குத்தலாம். பின்பக்கம் தடவினால் புள்ளிகள் விரலில் தட்டுப்படும்.

‘எங்க வீட்டுல பழைய பொருளே இல்ல சார்’ என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். அவர்களைக் குறைவாக எடைபோட வேண்டாம். போன வருடம் வாங்கிய சோற்றுக் குக்கருக்கும் கதை உண்டு: இரவு வேலை முடிந்து வரும் அப்பாவுக்காகச் சோற்றைச் சூடாக வைத்திருப்பது அதுதான். பழமைக்குப் புள்ளி இல்லை, கவனித்ததற்குத்தான் புள்ளி.

மாணவர்களே, ஒப்படைக்கும் முன் மூன்று கேள்விகள்:

1. என் நூலில் வேறு எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தாத ஒரு வரியாவது இருக்கிறதா?
2. இந்தத் தாள், இந்த மடிப்பு, இந்தத் தையல் ஏன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா?
3. வீட்டில் யாரிடம், என்ன கேட்டேன்? அவர் சொன்ன சொல் அப்படியே நூலில் இருக்கிறதா?

ஆசிரியர்களே, வகுப்பறை மதிப்பீட்டில் அட்டையை மூடி வைத்துவிட்டு முதலில் உள்ளே இருப்பதைப் படித்துப் பாருங்கள். பிறகு அட்டையைப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று தாங்கினால் அது நூல். இல்லையென்றால் அழகான பெட்டி, அவ்வளவுதான். விடுமுறைக்கு முன்பே இந்தப் பணியைக் கொடுத்துவிடுங்கள். தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து கேட்கப் பிள்ளைகளுக்கு நேரம் வேண்டும்.