உறைமேல் எழுத்தும் உண்பவர் உரிமையும்

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், தமிழகம் முடிந்து ஆந்திரம் தொடங்குவதற்குச் சற்று முன்பாக அமைந்துள்ளது எளாவூர். கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் பெயரைச் சரக்குந்து ஓட்டுநர்கள் அங்குள்ள சோதனைச் சாவடியைக் கொண்டே அறிவர். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் வணிகவரித் தணிக்கை நின்றுபோனது. மற்றத் துறைகளின் தணிக்கை தொடர்ந்தது. சாவடியில் கேட்கப்படும் கேள்விகள் எளியவை. உள்ளே இருப்பது என்ன, எங்கிருந்து வருகிறது, இதற்கு யார் பொறுப்பு? அதே நெடுஞ்சாலையோரக் கடையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் எடுக்கும் நுகர்வோர் கேட்பதும் இம்மூன்றைத்தான். விடை சொல்ல வேண்டியவை உறையின்மீது அச்சிடப்பட்ட முத்திரைகள். அவை விடை சொல்கின்றனவா என்பதை ஆராய்வதே இங்கு நம் நோக்கம்.

எல்லாப் பொட்டலங்களிலும் காணப்படுவது உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் சின்னமும் அதன் கீழுள்ள 14 இலக்க எண்ணும். 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில் வந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம் 2011 ஆகஸ்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நம்மில் படித்தவர்கள்கூட இந்த எண்ணைத் தரச்சான்று என்றே கருதுகிறார்கள். அது உரிம எண், அவ்வளவே. முதல் இலக்கம் 1 எனில் உரிமம் பெற்றவர், 2 எனில் பதிவு மட்டும் செய்துகொண்ட சிறு வணிகர். அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். ஊர்தியின் பதிவெண் அதன் ஓட்டுநர் நிதானமானவர் என்பதற்குச் சான்றாகுமா? இந்த எண்ணும் அத்தகையதே. ஆயினும் தவறு நேர்ந்தால் யாரைப் பிடிப்பது என்ற மூன்றாவது கேள்விக்கு அது விடை வைத்திருக்கிறது. நாம் கேட்பதில்லை என்பது வேறு.

தரத்தைப் பற்றியே பேசும் முத்திரைகள் வேறு இரண்டு. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த அக்மார்க் நெய், தேன், மசாலைப் பொடி முதலிய வேளாண் பொருள்களுக்கு உரியது. பெரும்பாலும் உற்பத்தியாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. மற்றொன்று ஐ.எஸ்.ஐ. முத்திரை. தொழிற்பேட்டைப் பகுதியில் வாழ்வோர்க்கு இது கேன் தண்ணீரின் வழியாக அறிமுகமானது. 2001இல் அடைக்கப்பட்ட குடிநீருக்கு இம்முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2003 பிப்ரவரியில், தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் புட்டிநீரில் பூச்சிக்கொல்லி எச்சங்கள் இருப்பதை வெளிக்கொணர்ந்தது. முத்திரை பெற்ற நீரிலும் நஞ்சு எவ்வாறு வந்தது? அன்றைய தரவிதிகள் எச்சங்களைத் தனித்தனியே அளக்கும்படி வரையறுக்கப்படவில்லை. விதி கேட்காத கேள்விக்கு முத்திரை விடை சொல்லாது. அதன்பின் விதி திருத்தப்பட்டது. 2024 அக்டோபரில் அம்முத்திரை கட்டாயம் என்ற நிலையே நீக்கப்பட்டு, அடுத்த மாதம் குடிநீர் மிகுந்த ஆபத்துக்குரிய உணவு வகைகளில் சேர்க்கப்பட்டது. உரிமம் வழங்குமுன் ஆய்வு, ஆண்டுதோறும் தணிக்கை என்பது அதன் பொருள். கேனைத் தோளில் சுமந்து வருபவருக்கோ வாங்குபவருக்கோ இம்மாற்றம் தெரியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

இனி நம் உள்ளத்துக்கு நெருக்கமான புள்ளிக்கு வருவோம். சதுரத்துள் பச்சைப் புள்ளி என்றால் சைவம். பழுப்புக் குறி என்றால் அசைவம். 2001இல் வந்த இவ்விதி, உணவொழுக்கம் ஒன்றைச் சட்டத்தின் பலத்தோடு உறைமேல் ஏற்றியது. (பழுப்பு வட்டத்துக்குப் பதிலாக முக்கோணம் என்று 2020ஆம் ஆண்டின் விதிமுறை மாற்றியது. நிறம் பிரித்தறிய இயலாதவர்க்கு அது பேருதவி.) சைவ உணவினரின் மனச்சான்றை அரசு மதித்ததை நாம் குறைகூற வேண்டியதில்லை, உண்பவர் அறியும் உரிமை யாருக்குக் கிடைத்தாலும் நன்று. அப்புள்ளியை முஸ்லிம் நுகர்வோர் எவ்வாறு வாசிக்கிறார் என்பதுதான் நம் கேள்வி. பச்சையைக் கண்டால் ஹலால் என்று எடுத்துக்கொள்கிறார். பழுப்பைக் கண்டால் தயங்கிக் கீழே வைக்கிறார். இரு வாசிப்பும் பிழையானவை.

முதலில் பழுப்பை எடுத்துக்கொள்வோம். முட்டை சேர்த்த கேக்குக்கும் பன்றிக்கொழுப்பு சேர்த்த பண்டத்துக்கும் சட்டம் ஒரே குறியைத்தான் தருகிறது. முட்டை நமக்கு ஆகுமானது, மற்றது விலக்கப்பட்டது. நமக்கு மிக முக்கியமான இந்த வேறுபாட்டை அக்குறி அழித்துவிடுகிறது. மீனெண்ணெயும் மாட்டெலும்பின் ஜெலட்டினும் அங்கு ஒன்றே. பச்சைக்கு வருவோம். உயிரினத்திலிருந்து பெறப்பட்ட பொருள் இல்லை, பாலும் பால்பொருளும் மட்டும் விதிவிலக்கு என்பதே அதன் அடிப்படை. தேன் முதலான சிலவற்றையும் பின்னாளில் அவ்விலக்கில் சேர்த்தனர். மதுசாரம் தாவரத்திலிருந்து பெறப்படுவது. ஆகவே வாசனைச் சாற்றைக் கரைக்க அது பயன்பட்டிருந்தாலும் பச்சைப் புள்ளிக்கு ஊறில்லை. புலாலைப் பற்றிய வினாவுக்குத் தரப்பட்ட விடையை, போதையைப் பற்றிய வினாவுக்கும் உரியதாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொரு புறத்தில், அப்புள்ளி உண்மையாகவே விடை சொல்லும் இடத்தில் நாம் அதைக் கேட்பதில்லை. பன்றிக்கொழுப்பு எனச் சில எண்களைப் பட்டியலிட்டுப் பள்ளிவாசல் வாயில்களில் வழங்கப்பட்ட துண்டறிக்கைகளைக் காணாதவர் நம்மில் குறைவு. இன்று அவை கைப்பேசிகளில் வலம் வருகின்றன. அவற்றில் தவறாது இடம்பெறும் எண் 631. உருளைக்கிழங்கு வறுவலிலும் உடனடி நூடுல்சிலும் சுவை கூட்டச் சேர்க்கப்படும் டைசோடியம் இனோசினேட் என்பது அது. இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ அதைப் பெறலாம். மரவள்ளி மாவு போன்ற தாவரப் பொருளை நொதிக்கச் செய்தும் பெறலாம். எண் ஒன்றே, மூலம் பல. இந்தியாவில் பச்சைப் புள்ளியுள்ள பொட்டலத்தில் 631 இருக்குமாயின் அது விலங்கிலிருந்து வந்ததன்று என்று உற்பத்தியாளர் சட்டப்படி பொறுப்பேற்கிறார் என்று பொருள். துண்டறிக்கை அச்சத்தைப் பரப்பிற்று. இந்தச் சிறு விளக்கத்தைப் பரப்பவில்லை.

இந்த எண் நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. பசுப் பாதுகாப்பு அமைப்பொன்று தொடுத்த வழக்கில் 2021 டிசம்பர் 9 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு 631ஐ எடுத்துக்காட்டிப் பேசுகிறது. பொருள்களைக் குறியீட்டு எண்ணால் மட்டும் சுட்டினால் போதாது, அவை தாவரமா விலங்கா ஆய்வகத்தில் ஆனதா என்பதையும் வெளியிட வேண்டும், எவ்வளவு சிறிய அளவாயினும் விலக்கில்லை என்பது அதன் சாரம். அரசியல் சட்டத்தின் 21, 25ஆம் பிரிவுகளின்மீது, அதாவது வாழ்வுரிமையின்மீதும் சமய உரிமையின்மீதும் அது நிறுத்தப்பட்டது. வழக்கைத் தொடுத்தவர் யார் என்பதை வைத்து இத்தீர்ப்பை நம் இதழ்கள் கவனியாது விட்டன என்றே எண்ணுகிறேன். நமக்கும் தேவையான தீர்ப்பு அது.

ஹலால் முத்திரை இவற்றினின்று வேறுபட்டது. மலேசியாவில் பிரதமர் துறையின்கீழ் உள்ள ஜாக்கிம், சிங்கப்பூரில் 1968இல் நிறுவப்பட்ட இஸ்லாமிய சமய மன்றம், இந்தோனேசியாவில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த அரசு முகமை என அங்கெல்லாம் அரசின் கரம் முத்திரையின் பின்னால் இருக்கிறது. இந்தியாவில் அதைத் தந்தவை தனி அமைப்புகள்: ஜமீஅத் உலமாயே ஹிந்தின் ஹலால் அறக்கட்டளை, மும்பையில் ஒன்று, சென்னையில் ஒன்று என. பின்னர் 2023 ஏப்ரலில் இறைச்சி ஏற்றுமதிக்கு மட்டும் இந்தியத் தர மன்றத்தின் திட்டத்துள் சான்று பெறுவதை ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. இந்த வரலாற்றிலிருந்து ஓர் உண்மை வெளிப்படுகிறது. ஜித்தாவிலும் கோலாலம்பூரிலும் உள்ள இறக்குமதியாளர் கேட்டார். ஆதலால் முத்திரை பிறந்தது. எளாவூர்க் கடையில் அதே உறை நம் கைக்கு வருவது, இரு சந்தைக்கு இரு உறை அச்சிடுவது வீண்செலவு என்பதால்தான். நமக்காக எழுதப்படாத கடிதத்தை நாம் வாசித்து மனநிறைவு கொள்கிறோம்.

சான்று தருவோரிடம் கேட்க வேண்டியவை உள்ளன. எந்த மத்ஹபின்படி? எளாவூருக்குக் கிழக்கே விரிந்துகிடக்கும் பழவேற்காட்டு ஏரியின் இறால், ஷாஃபிஈ வழியினரின் இல்லங்களில் ஐயமற்ற உணவு. ஹனஃபி அறிஞரிடையே அது மீன் இனமா என்பதிலேயே கருத்து வேறுபாடு. ஒரு பொருள் தன் இயல்பு முற்றும் மாறிப் பிறிதொன்றாதலை இஸ்திஹாலா என்பர். ஹனஃபிகள் அதை விரிவாக ஏற்பர். ஷாஃபிஈகள் மது தானே காடியாதல், தோல் பதனிடப்படுதல் போன்ற சிலவற்றோடு நிறுத்திக்கொள்வர். ஜெலட்டினைப் பற்றிய முடிவு முழுவதும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே நிற்கிறது. 2001 ஜனவரியில் இந்தோனேசியாவை உலுக்கிய அஜினோமோட்டோ விவகாரம் இதற்குச் சான்று. விற்கப்பட்ட உப்பில் பன்றியின் பொருள் ஏதுமில்லை. அதை உண்டாக்கும் நுண்ணுயிரை வளர்த்த ஊட்டத்தைத் தயாரிக்கப் பன்றியிலிருந்து பெற்ற நொதி பயன்பட்டிருந்தது. உலமா மன்றம் ஹராம் என்றது. தாமும் மார்க்க அறிஞரான அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் உண்ணலாம் என்றார். இருவரும் நூல்களை அறிந்தவர்களே. இத்தகைய ஆழமான கருத்து வேறுபாட்டை ஒரு வட்டத்துக்குள் அரபு எழுத்தால் எழுதி ஒட்டும்போது, எந்த அளவுகோலால் அளந்தோம் என்பதையும் வெளியிடுவது சான்றாளரின் கடமை. கட்டணம், தணிக்கையின் முறை, ரத்து செய்யப்பட்ட சான்றுகள் ஆகியவற்றையும் நுகர்வோர் அறியும்படி செய்ய வேண்டும். இயல்பிலேயே ஆகுமான நீருக்கும் அரிசிக்கும் சான்று வழங்கும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆகுமானது என்பதே பொதுவிதி, விலக்கே தனிவிதி என்ற ஃபிக்ஹின் அடிப்படையை அது தலைகீழாக்குகிறது. முத்திரை இல்லாத அரிசியை ஐயத்துக்குரியதாக்குகிறது.

புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர்கள் கொண்டுவந்த இறைச்சியைப் பற்றி, அறுக்கும்போது இறைநாமம் கூறப்பட்டதா என்று தெரியவில்லையே எனச் சிலர் வினவியபோது, நீங்கள் இறைநாமம் கூறி உண்ணுங்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக புகாரீ பதிவு செய்கிறது. துருவித் துருவி ஆராயும் மனநோயிலிருந்து அது விடுவிக்கிறது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து ஈரத்தைக் கண்டபோது அதே நபியவர்கள் (ஸல்) வணிகரைக் கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதும் முஸ்லிம் நூலில் உண்டு. முதல் நிகழ்ச்சியில் சான்று கேட்கவில்லை. இரண்டாவதில் கையை விட்டுச் சோதித்தார்கள். நாம் இன்று செய்வது இதற்கு நேர்மாறு. மறைவானதைத் தேடி எண்களோடு போராடுகிறோம். ஈரத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை. மனிதகுலம் முழுவதையும் விளித்துப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம் ஹலாலோடு தய்யிபையும் இணைத்தே கூறுகிறது. அழுகிய எண்ணெயில் பொரித்த கோழிக்கு முறையாக அறுக்கப்பட்டது என்ற தகுதி இருக்கலாம்; தய்யிப் என்ற தகுதி ஏது? 12ஆம் நூற்றாண்டில் ஷாமில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூல் கசாப்புக்காரர், ரொட்டி சுடுவோர் எனத் தொழில்வாரியாக ஏமாற்றுகளை அடுக்குகிறது. அங்காடி மேற்பார்வையாளரின் கவலை பெரும்பாலும் கலப்படமும் எடையும் தூய்மையுமே.

முத்திரையின் மீதான தாக்குதல் வேறு திசையிலிருந்து வந்தது. இலங்கையில் 2013ஆம் ஆண்டு பொது பல சேனா நடத்திய கிளர்ச்சியின் விளைவாக, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா மார்ச் மாதத்தில் உள்நாட்டுப் பொருள்களின் ஹலால் சின்னத்தைக் கைவிட நேர்ந்தது. பின்னர் அப்பணி தனியொரு நிறுவனத்துக்கு மாறியது. உத்தரப் பிரதேசத்தில் 2023 நவம்பர் 18 அன்று ஹலால் சான்று பெற்ற பொருள்களின் உற்பத்தியும் விற்பனையும் தடை செய்யப்பட்டன. ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு. உணவின் தரத்தைப் பற்றி இணையான ஒரு முறை குழப்பம் விளைவிக்கிறது என்பது கூறப்பட்ட காரணம். குழப்பம் எல்லைக்கு அப்பாலுள்ள வாங்குவோருக்கு விளையாதா? அந்நியச் செலாவணி தரும் முத்திரை உள்ளூர் முஸ்லிமின் கையில் வந்தால் மட்டும் குற்றமாகிவிடுகிறது. இவ்வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசின் வழக்கறிஞர், சிமெண்டுக்கும் இரும்புக் கம்பிக்கும்கூட ஹலால் சான்று தரப்படுவதாகக் கூறினார். ஜமீஅத்தின் அறக்கட்டளை அதை மறுத்தது. கம்பி உருட்டும் ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டியில் இதைப் படித்தவர்கள் சிரித்திருக்கக்கூடும்.

முத்திரையே இல்லாத இடத்தில் நேர்வதும் எண்ணிப் பார்க்கத் தக்கது. 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் நிலையத்தில் ஜோத்பூரிலிருந்து வந்த சுமார் 2,000 கிலோ இறைச்சி கைப்பற்றப்பட்டது. நாய்க்கறி என்ற செய்தி ஒரே நாளில் நகரமெங்கும் பரவி, பிரியாணிக் கடைகளின் வணிகத்தைக் குலைத்தது. சில நாள்களில் ஆய்வகம் அது ஆட்டிறைச்சியே என்றது. அழுகியிருந்ததா, குளிரூட்டாமல் வந்ததா என்ற உண்மையான கேள்வி வதந்தியில் அமிழ்ந்துபோனது. உள்ளே என்ன, எங்கிருந்து என்று சொல்லும் நம்பகமான ஒரு தாள் அந்தப் பெட்டிகளின்மேல் இருந்திருந்தால், கெட்டது எது, பொய் எது என்று அன்றே பிரித்திருக்கலாம். நலிந்த வணிகருக்கு முத்திரை ஒரு கேடயமுமாகும் என்பதை, அதைக் குறைகூறும் நான் மறுக்கவில்லை.

மருந்துக் கடையில் நிலை இன்னும் மோசம். உசைர் ஹுசைன் என்பவர் தொடுத்த வழக்கில், மருந்திலும் ஒப்பனைப் பொருளிலும் விலங்கின் பொருள் சேர்ந்திருந்தால் குறியிட்டுக் காட்ட வேண்டுமென 2002 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிர் காக்கும் மருந்துகளுக்கு மட்டும் விலக்களித்தது. சைவ உணவினரின் உரிமைக்காக ஒரு முஸ்லிம் பெயர் கொண்டவர் நடத்திய வழக்கு அது. 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. கும்மிடிப்பூண்டியில் மருத்துவர் எழுதித் தரும் குளிகையின் உறை மாட்டெலும்பா, பன்றித்தோலா, தாவர இழையா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விலையும் காலாவதி நாளும் அங்கு இருக்கும்.