ஆர்15-ஆ, எஸ்எஃப் 250-ஆ? கடத்தூர் சாலைகளில் ஓட்டிப் பார்த்த கணக்கு

ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் நம் நாட்டில் எட்டாத விலை. 2016 டிசம்பரில் நிசான் ஜிடி-ஆர் இங்கே விற்பனைக்கு வந்தபோது ஷோரூம் விலையே 1.99 கோடி ரூபாய். மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் முறையான விற்பனைக்கு இந்தியா பக்கம் வந்ததே இல்லை. அதனால் தருமபுரி மாவட்டத்துக் கடத்தூரிலோ பொம்மிடியிலோ ஒரு பையன் 'ஜப்பான் ஸ்போர்ட்ஸ் வண்டி எடுக்கணும்' என்று வீட்டில் பேச்செடுத்தால், அது இரண்டு சக்கர வண்டிதான். இரண்டு லட்சத்தை ஒட்டிய விலையில் அந்தப் பேச்சில் அடிபடும் பெயர்கள் இரண்டு: யமஹா ஆர்15 வி4, சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. 'இப்ப எடுத்துடலாமா' என்ற கேள்வி அதன்பிறகு எல்லா வீட்டிலும் சூடு பிடித்திருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடத்தூரில் குடியிருந்து, தினமும் வண்டி எடுத்து, அவ்வப்போது ஓசூர், பெங்களூரு என்று நெடுஞ்சாலை ஏறுகிறவருக்கு எஸ்எஃப் 250. வண்டி ஓட்டுவதை ஒரு கலையாகக் கற்க ஆசைப்படுகிற, தனியாகவே போய்வருகிற இருபது வயதுக்காரருக்கு ஆர்15. இயந்திர நேர்த்தியில் ஆர்15 ஒரு படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நேர்த்தி முழுதாக வெளிப்படும் இடம் நம்மூர்ச் சாலைகளில் மிகக் குறைவு.

காரணம் இன்ஜினுக்குள் இருக்கிறது. ஆர்15-இல் 155 சிசி. அதிலிருந்து 10,000 சுழற்சியில் 18.4 குதிரைத்திறனும், 7,500 சுழற்சியில் 14.2 நியூட்டன் மீட்டர் இழுவையும் கிடைக்கின்றன. இவ்வளவு சின்ன இன்ஜினில் இவ்வளவு திறன் எடுக்க யமஹா கையாண்ட வழி, விவிஏ எனப்படும் வால்வு ஏற்பாடு. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வால்வுகளுக்கு இரண்டு வகைக் கேம்கள் இருக்கின்றன. 7,400 சுழற்சிக்குக் கீழே ஒன்று வேலை செய்யும். அதைத் தாண்டியதும் ஒரு சின்ன பின் நகர்ந்து, வால்வை இன்னும் உயரத் திறக்கிற மற்றொன்றிடம் வேலையை ஒப்படைக்கும். அந்த நொடியில் சத்தம் மாறுகிறது. வண்டி அதுவரை அடக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் விடுகிறது. வண்டியைக் கொடுத்த தம்பி, "அண்ணா, ஏழாயிரம் தாண்டி விடுங்க, அப்புறம் பேசுங்க" என்று சொல்லித்தான் சாவியைத் தந்தார். அவர் சொன்னது முழுக்க உண்மை.

எஸ்எஃப் 250-இன் இன்ஜின் 249 சிசி, ஒரே சிலிண்டர். 9,300 சுழற்சியில் 26.5 குதிரைத்திறன், 7,300 சுழற்சியில் 22.2 நியூட்டன் மீட்டர். உச்ச எண்களைவிட அதற்குக் கீழே நடப்பதுதான் நமக்கு முக்கியம். நாலாயிரம், ஐயாயிரம் சுழற்சியிலேயே நல்ல இழுவை வந்துவிடுகிறது. பொம்மிடி சாலையில் ஊருக்கு ஊர் வேகத்தடை. பாதிக்கு வெள்ளைக்கோடு கிடையாது. தடையில் இறங்கி, ஏறி, மறுபடி வேகமெடுக்கும் இந்த வேலை ஓயாமல் நடக்கிறது. எஸ்எஃப் 250-ஐ மூன்றாவது கியரில் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை மட்டும் திருகினால் போதும். ஆர்15-இல் ஒவ்வொரு தடைக்கும் இரண்டு கியர் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். குவிக் ஷிஃப்டர் உள்ள வண்டியில் கிளட்ச் பிடிக்காமலே கியரை மேலே தட்டலாம், ஆனால் இறக்கும்போது கிளட்ச் வேண்டும். அசிஸ்ட்-ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதால் லீவர் வெண்ணெய் மாதிரி இலகு. இருந்தும் கடத்தூரிலிருந்து மொரப்பூர் போய்ச் சேருவதற்குள் இடது கை ஓய்வெடுக்கவே இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

சந்தை நாளில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். வெற்றிலைக் கட்டு ஏற்றிய டெம்போக்களும் மினி லாரிகளும் கடைத்தெருவை அடைத்து நிற்க, நடை வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும். ஆர்15-இன் கைப்பிடி தாழ்வு, சீட் 815 மில்லிமீட்டர் உயரம். உடல் முன்னால் சாய்ந்து எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. எஸ்எஃப் 250-இலும் கைப்பிடி இரண்டாகப் பிரிந்து ஃபோர்க்கோடு பொருந்தியதுதான். ஆனால் உயர்த்தி வைத்திருக்கிறார்கள், சீட்டும் 800 மில்லிமீட்டர்தான். முதுகு ஏறக்குறைய நிமிர்ந்தே இருக்கிறது. எடையில் மட்டும் ஆர்15-க்கு நல்ல அனுகூலம்: அது சுமார் 142 கிலோ, எஸ்எஃப் 250 161 கிலோ. வீட்டு வாசல் மேட்டில் வண்டியைப் பின்னால் தள்ளி ஏற்றுகிறவர்களுக்கு அந்த 19 கிலோ தினமும் தெரியும்.

தருமபுரி போய் நெடுஞ்சாலை 44-இல் கிருஷ்ணகிரி பக்கம் திரும்பினால் 250-இன் பலம் துலக்கமாகிறது. எண்பது, தொண்ணூறில் இன்ஜின் அமைதியாக ஓடுகிறது. லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் கியர் மாற்றாமலே தாண்டிவிடலாம். அதே வேகத்தில் ஆர்15 சளைக்காமல் ஓடினாலும், ஏற்றத்தில் முந்த வேண்டுமானால் கட்டாயம் கியர் இறக்கி விவிஏ எல்லைக்குக் கொண்டுபோக வேண்டும். தொடர்ந்து இரண்டு மணி நேரம் இப்படி ஓட்டினால் ஆள் களைத்துப் போகிறார். ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்து வாரக் கடைசியில் ஊருக்கு வருகிற பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர். இரவு ஷிஃப்ட் முடித்துக் கிளம்பும் அவர்களுக்குக் களைப்பைக் குறைக்கிற வண்டிதான் பாதுகாப்பான வண்டி.

சேலம் பக்கம் போகிறவர்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: தொப்பூர் கணவாயில் எந்த வண்டியையும் சோதித்துப் பார்க்காதீர்கள். இறக்கத்தில் பிரேக் சூடேறிய கனரக லாரிகள் பின்னால் வருகிற இடம் அது. எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வண்டியிலும் இரு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உண்டு. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். பின்னால் வரும் லாரியை நிறுத்தாது.

ஆர்15-ஐக் காதலிக்க வேண்டுமானால் மலை ஏற வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வண்டி காட்டிய நடத்தையை என்னால் மறக்க முடியாது. டெல்டாபாக்ஸ் சட்டம், தலைகீழாகப் பொருத்திய 37 மில்லிமீட்டர் முன் ஃபோர்க், 1,325 மில்லிமீட்டர் வீல்பேஸ், குறைந்த எடை எல்லாம் சேர்ந்து, கண் போகும் இடத்துக்கு வண்டி தானாகத் திரும்புகிறது. நடு வளைவில் மணல் கிடந்தால் கோட்டைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வண்டி இடம் தருகிறது. எஸ்எஃப் 250-உம் வளைவில் நம்பிக்கையானதுதான். முன்பின் இரண்டும் ரேடியல் டயர், முன்னே சாதாரண ஃபோர்க் என்றாலும் 41 மில்லிமீட்டர் கனம். ஆனால் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சாய்க்கும்போது அதன் எடை கைக்குத் தெரிகிறது. மலைச்சாலையில் இருபது வயதுக்காரர் ஒருவர் பிரேக் எப்போது பிடிப்பது, எப்போது விடுவது, எங்கே பார்ப்பது என்று பழக ஆர்15-ஐவிட நல்ல வாத்தியார் இந்த விலையில் இல்லை. 2008-இல் முதல் ஆர்15 வந்த நாளிலிருந்தே அதன் புகழ் இந்த ஒரு குணத்தில்தான் நிற்கிறது.

ஆர்15-இல் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இருக்கிறது. பின் சக்கரம் வழுக்கிச் சுழன்றால் திறனைக் குறைத்துவிடும். மழை பெய்த மறுநாள் வயலிலிருந்து ஏறிய டிராக்டர்கள் சாலையில் சேற்றை அப்பிவிட்டுப் போகும் நம்மூரில் அது வெறும் விளம்பர வசதி இல்லை. சுசுகியில் இது கிடையாது. கொடுத்திருக்க வேண்டும் என்பேன்.

இரவுப் பயணத்தில் இரண்டுமே என்னைத் திருப்திப்படுத்தவில்லை. ஆர்15-இன் ஒற்றை புரொஜெக்டர் விளக்கு நடுவில் நல்ல வெளிச்சம் தருகிறது, ஓரம் இருட்டாக இருக்கிறது. நாயும் மாடும் வருவது ஓரத்திலிருந்துதான். எஸ்எஃப் 250-இன் விளக்கு சற்றுப் பரவலாக இருந்தாலும் தூரம் போதவில்லை. கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலையின் அரவைப் பருவத்தில், பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர்கள் பாப்பிரெட்டிப்பட்டி சுற்றுவட்டாரத்தில் இரவெல்லாம் போகும். கரும்புத் தோகை தொங்கி, இருக்கிற ரிஃப்ளெக்டரையும் மறைத்திருக்கும். அந்த மாதங்களில் இருட்டிய பிறகு இவை எதிலும் அறுபதைத் தாண்ட வேண்டாம்.

கரும்பு என்றதும் ஒரு செய்தி. எத்தனால் கூடுதலாகக் கலந்த எரிபொருளில் ஓடும் எஸ்எஃப் 250 ஒன்றையும் சுசுகி 2025 ஜனவரியில் கொண்டுவந்தது. கரும்பு விளையும் ஊர்க்காரனாக எனக்கு அதில் மகிழ்ச்சி உண்டு. அந்த எரிபொருள் நம் பக்கத்து பங்க்குகளில் தாராளமாகக் கிடைக்கும் காலம் வரட்டும், அப்போது யோசிக்கலாம்.

சித்திரை வெயிலில் இன்ஜினைக் குளிர வைப்பது எப்படி என்பதில் இரண்டும் வேறு வேறு வழி. ஆர்15-இல் ரேடியேட்டரும் கூலன்ட்டும். எஸ்எஃப் 250-இல் இன்ஜின் ஆயிலையே சுற்றவிட்டுக் குளிர்விக்கிறார்கள். ஆர்15 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கூலன்ட் குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரின் தன்மை நமக்குத் தெரிந்ததே. ஃபுளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. உப்புப் படிந்த குடத்தின் உட்புறத்தைப் பார்த்தவர்களுக்கு, அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் என்ன செய்யும் என்று விளங்கும். எஸ்எஃப் 250-க்கோ ஆயில்தான் உயிர். உராய்வையும் அதுவே தாங்குகிறது, சூட்டையும் அதுவே இறக்குகிறது. ஆயில் மாற்றும் தேதியை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அளவை மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

பெட்ரோல் செலவில் யமஹாவுக்கே வெற்றி. நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு நாற்பதுக்கு மேல் தாராளமாகத் தருகிறது. 250 முப்பத்தைந்தை ஒட்டி நிற்கிறது. டேங்க் ஆர்15-இல் 11 லிட்டர், 250-இல் 12. தினமும் தருமபுரி கல்லூரிக்குப் போய்வரும் மாணவருக்கு மாதக் கடைசியில் இந்த வித்தியாசம் பெரிது.

பின் சீட் பற்றிக் கல்யாணமானவர்கள் கவனித்துக் கேளுங்கள். ஆர்15 வி4-இன் பின் சீட் ஒரு சின்னத் திண்டு, அதுவும் மிக உயரத்தில். சேலை கட்டிய ஒருவர் அதில் ஒருபக்கமாக உட்கார்ந்து வேகத்தடை ஏறுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. யமஹாவே விற்ற ஆர்15எஸ் என்ற வகையில் சீட் ஒரே நீளமாக வரும், அது கொஞ்சம் பரவாயில்லை. எஸ்எஃப் 250-இன் பின் சீட்டையும் சொகுசு என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் வீட்டுக்காரம்மாவை அரூர் வரை கூட்டிக்கொண்டு போய்த் திட்டு வாங்காமல் திரும்பலாம்.

சர்வீஸ் விஷயம் முடிவையே மாற்றக்கூடியது. சுசுகிக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. டிவிஎஸ்-சுசுகி கூட்டணி 1984-இல் ஓசூரில் பைக் செய்யத் தொடங்கியபோது ஓசூர் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அங்கே பிறந்த சாமுராய், ஷோகன் வண்டிகளைப் பிரித்துப் பூட்டிப் பழகிய மெக்கானிக்குகள் இன்னும் இப்பக்கம் இருக்கிறார்கள். ஆனால் 2001-இல் அந்தக் கூட்டணி பிரிந்துவிட்டது. இன்றைய சுசுகி தனியாக வந்த வேறு நிறுவனம், அந்தப் பழைய கைத்தேர்ச்சி 250-இன் எலக்ட்ரானிக்ஸுக்கு உதவாது. ஆர்15 இளைஞர்களிடம் ஏராளமாக இருப்பதால் அதன் செயின் செட், பிரேக் பேட், கோன் செட் (ஹேண்டில் பேரிங்) எங்கும் சுலபமாகக் கிடைக்கும், மெக்கானிக்குக்கும் வண்டி பழக்கம். 250-ஐ முடிவு செய்யுமுன் உங்களுக்கு எட்டும் தூரத்து சர்வீஸ் சென்டருக்கு நேரில் போய், முன் பக்கப் பிளாஸ்டிக் உறை, கிளட்ச் பிளேட் போன்றவை ஸ்டாக் வைத்திருக்கிறார்களா, வரவழைத்தால் எத்தனை நாள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் என் முடிவை ஒதுக்கிவிட்டு யமஹா பக்கமே போங்கள்.

செகண்ட் ஹேண்ட் ஆர்15 தேடுகிறவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். சைலன்சர் மாற்றிய வண்டி, முன் சக்கரம் தூக்கி விளையாடிய வண்டி நிறையச் சுற்றுகின்றன. சென்டர் ஸ்டாண்ட் இல்லாததால் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெல்ல இருபக்கமும் திருப்பிப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தால் கோன் செட் போய்விட்டது. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே மாதிரியா என்று கவனியுங்கள். கலப்பு போல்ட் இருந்தால் வண்டி ஒருமுறையாவது கீழே விழுந்து பிரிக்கப்பட்டிருக்கும். குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். போகுமுன்பே அவர்கள் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே அட்வான்ஸ் பேச்சு.